கிட்டார் பெடலின் கால் சுவிட்ச்: வரலாறும் வயரிங் முறையும்

மின்கிட்டாரின் ஒலியை மாற்றுவதற்காக இசைக்கலைஞரின் காலடியில் வைக்கப்படும் சிறிய மின்சுற்றுப் பெட்டி எஃபெக்ட்ஸ் பெடல் எனப்படும். சுருக்கமாகப் பெடல் என்பர். கிட்டார் வாசிப்பவரின் இரு கைகளும் கம்பிகளின் மேல் இருப்பதால் இந்தப் பெட்டியைக் காலால்தான் இயக்க முடியும். அதற்காக அதன் மேற்பரப்பில் பொருத்தப்பட்டுள்ள அழுத்துவிசையே கால் சுவிட்ச். ஒருமுறை மிதித்தால் பெடல் ஒலிக்குள் வரும். மறுமுறை மிதித்தால் விலகும்.

விலகும் என்ற சொல்லில்தான் இந்தச் சுவிட்சின் வரலாறு அடங்கியுள்ளது. 1960களில் விற்பனைக்கு வந்த பெடல்கள் பலவும் அணைத்த பின்னும் முழுமையாக விலகவில்லை. கிட்டாரின் ஒலியைச் சற்றே மங்கச் செய்துகொண்டிருந்தன. இந்தக் குறையைத் தீர்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த முயற்சியின் விளைவுதான், இன்று வீட்டில் பெடல் கட்டுவோர் வாங்கும் ஒன்பது பின் சுவிட்ச். அதன் வயர்களை ஒழுங்காக அமைக்க வேண்டும் என்ற வழக்கமும் அதே முயற்சியில் பிறந்தது.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளில் நிகழ்ந்தது. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பகுதிக்கும் அதில் இடமுண்டு. பெடலில் செருகப்படும் பிளக்கின் மூதாதையான தொலைபேசித் தொழில்நுட்பம் இந்நகரில் கால் வைத்தது ஜார்ஜ் டவுனில். வெளிநாட்டு மின்னணுப் பொருள்கள் பொதுமக்கள் கைக்கு வந்த இடங்களுள் ஒன்று துறைமுகச் சாலையில் அமைந்த பர்மா பஜார்.

தொலைபேசி நிலையம் தந்த பிளக்

கிட்டார் லீடின் இரு முனைகளிலும் உள்ள பிளக்கின் விட்டம் 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். இது இசைக்காக உருவாக்கப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களில் ஒரு சந்தாதாரரின் இணைப்பை மற்றொருவரின் இணைப்போடு சேர்க்க ஊழியர்கள் பலகையில் செருகி எடுத்த பிளக்கின் வழிவந்தது. நுனி, வளையம், உறை என்று அந்தப் பிளக்கின் பகுதிகளுக்கு வழங்கிய பெயர்களே இன்றும் பெடல் வரைபடங்களில் எழுதப்படுகின்றன.

சென்னையின் முதல் தொலைபேசி நிலையம் 1880களின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனின் எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கத் தொடங்கியது. துறைமுகத்துக்கு மிக அருகில், வணிக நிறுவனங்கள் நெருங்கியிருந்த பகுதி அது. அதற்கு வடக்கே ராயபுரத்தில் 1856ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறக்கப்பட்டிருந்தது. ரயில், தந்தி, தொலைபேசி ஆகிய மூன்று துறைகளிலும் வயர்களைப் பிரித்துக் கட்டுவது தனித் திறனாக வளர்ந்தது. ஒரு நிலையத்தில் ஆயிரக்கணக்கான வயர்கள் இருக்கும். அவற்றை மெழுகு பூசிய நூலால் கற்றையாகக் கட்டி, ஒவ்வொன்றும் எங்கே பிரிய வேண்டுமோ அங்கே பிரியச் செய்தார்கள்.

இதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. வயரைக் கட்டியவர் ஒருவர். பல ஆண்டுகளுக்குப் பின் பழுது பார்க்க வருபவர் வேறொருவர். முன்னவர் மனத்தில் இருந்ததைப் பின்னவர் வயரைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். பெடலுக்குள் பத்துப் பதினைந்து வயர்கள்தான் இருக்கின்றன. ஆயினும் அதே காரணம் அங்கும் பொருந்துகிறது.

பழுதிலிருந்து பிறந்த ஒலி

காலால் இயக்கும் பெடல்களில் பெரும் வணிகப் பொருளாக முதலில் அறியப்பட்டது ஃபஸ் என்னும் கரகரப்பு ஒலியைத் தரும் பெட்டி. அதன் பிறப்பு ஒரு தற்செயல். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்று பதிவானபோது, ஒலிக்கலவைப் பலகையில் இருந்த மின்மாற்றி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டாரின் ஒலியைக் கிழிந்ததுபோல் ஆக்கியது. 'டோன்ட் வொரி' என்ற அந்தப் பாடல் அந்தக் கரகரப்புடனேயே 1961இல் வெளியாகிப் புகழ்பெற்றது.

அந்த ஒலி பிறருக்கும் தேவைப்பட்டது. பழுதான பலகையை எல்லோருக்கும் தர முடியாது என்பதால், ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே விளைவைத் தரும் சுற்றை உருவாக்கினார். கிப்ஸன் நிறுவனம் அதை 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்த பிறகே கடைகளில் இருந்தவை விற்றுத் தீர்ந்தன.

அந்தப் பாடலே கால் சுவிட்சின் தேவையையும் காட்டியது. கரகரப்பு ஒலி ஒரு பகுதியில் வர வேண்டும், அடுத்த பகுதியில் நின்றுவிட வேண்டும். வாசிப்பை நிறுத்தாமல் இதைச் செய்யக் காலைத் தவிர வேறு வழியில்லை. 1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் ஃபஸ் ஃபேஸ் என்ற வட்ட வடிவப் பெடலை வெளியிட்டது. 1967இல் வா-வா பெடல் சந்தைக்கு வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் வாசிப்பால் இரண்டும் உலகெங்கும் அறியப்பட்டன.

அணைத்தும் அணையாத பெட்டி

தொடக்க காலப் பெடல்கள் பலவற்றில் ஒரு வரிசைச் சுவிட்சே இருந்தது. அதில் மூன்று பின்கள். நடுப் பின் வெளியீட்டு ஜாக்கோடு இணைந்திருக்கும். மிதிக்கும்போது அது பெடல் சுற்றின் வெளியீட்டையோ, கிட்டாரிலிருந்து நேராக வரும் வயரையோ மாறி மாறித் தொடும். வெளியீடு மட்டுமே மாறியதால், சுற்றின் உள்ளீட்டுப் பக்கம் எப்போதும் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய வா-வா பெடல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒட்டியிருப்பதால் வரும் கேட்டைப் புரிந்துகொள்ளக் கிட்டாரின் பிக்கப்பைப் பற்றிச் சிறிது தெரிய வேண்டும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட சுருள். அது தரும் மின்குறிப்பு மிக மெல்லியது. அதனிடமிருந்து மின்னோட்டத்தை இழுக்கும் எந்தச் சுற்றும் முதலில் அதன் உச்ச ஒலிகளைத் தின்றுவிடும். கிட்டார் மேல் கம்பளி போர்த்தியதுபோல் ஒலிக்கும்.

லீடின் நீளமும் இதே கேட்டைச் செய்கிறது. லீடு ஒரு மின்தேக்கியைப் போலவும் நடந்துகொள்கிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் எனலாம். 3 ஹென்றி மின்தூண்டல் கொண்ட பிக்கப்போடு 6 மீட்டர் லீடைச் சேர்த்தால் ஒலியின் ஒத்ததிர்வு உச்சம் ஏறத்தாழ 3,750 ஹெர்ட்ஸில் அமையும். லீடு 12 மீட்டரானால் அது 2,650 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வாசிப்பவர் எதையும் மாற்றவில்லை. ஆனால் கிட்டாரின் குரல் மாறிவிட்டது.

மேடையில் ஒரே பெடல் இருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. 1970களில் ஒவ்வொருவரும் மூன்று நான்கு பெடல்களை வரிசையாக இணைக்கத் தொடங்கியபோது, எல்லாவற்றையும் அணைத்த பின்னும் கிட்டார் மங்கிக் கேட்டது.

இரண்டு தீர்வுகள்

இந்தச் சிக்கலுக்கு இருவகைத் தீர்வுகள் தோன்றின. முதலாவது, இரு வரிசைச் சுவிட்ச். இதில் ஆறு பின்கள். ஒரே மிதியில் உள்ளீடும் வெளியீடும் சேர்ந்து மாறும். அணைத்த நிலையில் பெடலின் சுற்று இருபுறமும் துண்டிக்கப்பட்டு, உள்ளீட்டு ஜாக்கும் வெளியீட்டு ஜாக்கும் ஒரு வயரால் மட்டுமே இணைந்திருக்கும். இதற்கு ட்ரூ பைபாஸ் என்று பெயர். ஃபஸ் ஃபேஸ் பெடல் 1966லேயே இவ்வாறுதான் வயர் செய்யப்பட்டிருந்தது. அதன் சுற்று பிக்கப்பிலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும் இயல்புடையது. எனவே அணைத்தபோது துண்டித்தே ஆகவேண்டும்.

இரண்டாவது தீர்வு பஃபர். பிக்கப்பிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே குறிப்பை வலுவாக வெளியே தரும் சிறு சுற்று அது. இது எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். லீடு எவ்வளவு நீண்டாலும் ஒலி மங்காது. இங்கிலாந்தின் பீட் கார்னிஷ் 1970களில் பிங்க் ஃபிளாய்ட் போன்ற குழுக்களுக்குக் கட்டிய பெடல் பலகைகளில் பஃபரையே நம்பினார். 1977இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் பாஸ் என்ற பெயரில் வெளியிட்ட சிறு பெடல்களும் இந்த வழியில் சென்றன. அவற்றில் கால் மிதிப்பது ஒரு சிறு தொடு சுவிட்சை மட்டுமே. ஒலியை மாற்றிவிடும் வேலையை உள்ளே இருக்கும் புல விளைவு டிரான்சிஸ்டர்கள் செய்தன. சொடுக்கும் ஓசை இல்லை. சுவிட்சும் நீண்ட நாள் உழைத்தது.

இந்த இரண்டில் எது சிறந்தது என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. உண்மையில் இரண்டுக்கும் தத்தம் இடம் உண்டு. ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றுக்கு முன்னால் பஃபர் இருந்தால் அதன் இயல்பான ஒலி கெடும். பத்துப் பெடல்களை வரிசையாக ட்ரூ பைபாஸில் வைத்தால் லீடுகளின் மொத்த நீளமே ஒலியை மங்கச் செய்யும்.

ஒன்பது பின்கள்

இரு வரிசைச் சுவிட்சில் ஒரு குறை இருந்தது. இருட்டான மேடையில் பெடல் இயங்குகிறதா இல்லையா என்று காட்ட ஒரு விளக்கு தேவைப்பட்டது. ஆனால் ஆறு பின்களும் ஒலிக்கே செலவாகிவிட்டன. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கரான ஆர். ஜி. கீன் மில்லேனியம் பைபாஸ் என்ற சிறு சுற்றை வெளியிட்டு, ஆறு பின் சுவிட்சைக் கொண்டே விளக்கையும் எரியச் செய்யும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஃபுல்டோன் போன்ற சிறு பெடல் நிறுவனங்கள் மூவரிசைச் சுவிட்சைப் பரப்பின. கடைகளில் 3பிடிடி என்று கேட்டால் கிடைப்பது இதுதான்.

மூவரிசைச் சுவிட்ச் என்பது ஒரே மிதியில் சேர்ந்து மாறும் மூன்று தனிச் சுவிட்சுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பின், ஆக ஒன்பது. முதல் வரிசை உள்ளீட்டுக்கு, கடைசி வரிசை வெளியீட்டுக்கு, நடுவரிசை விளக்குக்கு. பின்னர் சீனத் தொழிற்சாலைகள் இதைப் பெருமளவில் தயாரித்தபோது விலை வீழ்ந்தது. வீட்டில் பெடல் கட்டுவது உலகெங்கும் பொழுதுபோக்காகப் பரவ இந்த விலைவீழ்ச்சியும் ஒரு காரணம்.

துறைமுகச் சாலையும் ரிச்சி தெருவும்

1960களில் ஃபஸ் பெடல் பிறந்த அதே ஆண்டுகளில் இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. நுகர்பொருள்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர உரிமம் வேண்டும். 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு முன் சுங்கவரியின் உச்ச விகிதம் 300 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. நுகர்பொருள்கள் மீது எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கின. இந்தச் சூழலில் வெளிநாட்டுப் பெடலைச் சட்டப்படி கடையில் வாங்குவது பெரும்பாலான இசைக்கலைஞர்களுக்கு எட்டாத செயல்.

பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் தனியார் வணிகங்கள் அரசுடைமையானபோது, அங்கு வாழ்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திறங்கினர். வியாசர்பாடி, எண்ணூர் உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளில் பலர் குடியேறினர். அவர்களின் வாழ்வாதாரத்துக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுவே பர்மா பஜார். கைக்கடிகாரம், கால்குலேட்டர், டேப் ரெக்கார்டர் போன்ற வெளிநாட்டுப் பொருள்களுக்கு அது பெயர்பெற்றது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே பயணம் செய்து பொருள்களைக் கொண்டுவந்தவர்களைக் குருவி என்று அழைக்கும் வழக்கும் அந்த வணிகச் சூழலில் வேரூன்றியது.

உதிரிப் பாகங்களுக்கான இடம் வேறு. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு வானொலி, தொலைக்காட்சிப் பாகங்களின் சந்தையாக வளர்ந்தது. மின்தடை, மின்தேக்கி, சுவிட்ச், சால்டரிங் கம்பி என்று சில்லறையாக எண்ணி வாங்கக்கூடிய தெரு அது. பெடல் கட்டுவதற்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி வானொலிப் பாகங்களே. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இந்திய வானொலிகளுக்காகத் தயாரித்த ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும், ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்களில் பயன்பட்ட ஏசி128 டிரான்சிஸ்டரும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அதாவது, வானொலி பழுதுபார்க்கும் கடையின் மேசை இழுப்பறையில் கிடந்த பாகத்தைக் கொண்டே ஃபஸ் பெடல் கட்ட முடியும். பொருள் இல்லாமை அன்று, வரைபடம் இல்லாமையே அக்காலத்தில் பெரிய தடை.

வயரிங் முறையும் அதன் காரணங்களும்

மூவரிசைச் சுவிட்சைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் ஒன்பது பின்களும் மூன்றுக்கு மூன்று என்ற சதுரமாகத் தெரியும். சதுரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி தோன்றும் என்பதே முதல் பொறி. பின்களின் தட்டையான முகம் எத்திசையில் இருக்கிறது என்பதைக் கொண்டு வரிசையை அடையாளம் காணலாம். மல்டிமீட்டரால் தொடர்ச்சி சோதித்து, எந்தப் பின் எதனோடு மாறுகிறது என்று உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பு. 90 பாகை தவறாகத் திருப்பி வைத்துச் சால்டரிங் செய்தால் எல்லா வயர்களையும் மீண்டும் கழற்ற வேண்டியிருக்கும்.

வழக்கமான இணைப்பு எளிது. மூன்று வரிசைகளிலும் நடுப் பின்னே மாறும் பின். முதல் வரிசையின் நடுப் பின் உள்ளீட்டு ஜாக்குக்குச் செல்லும். அதன் கீழ்ப் பின் சுற்றின் உள்ளீட்டுக்கு. மூன்றாம் வரிசையின் நடுப் பின் வெளியீட்டு ஜாக்குக்குச் செல்லும். அதன் கீழ்ப் பின் சுற்றின் வெளியீட்டுக்கு. இவ்விரு வரிசைகளின் மேல் பின்களையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் அதுவே அணைத்த நிலையில் ஒலி செல்லும் பாதை. நடுவரிசையின் நடுப் பின் தரையோடும், கீழ்ப் பின் எல்இடியின் எதிர்முனையோடும் இணையும். எல்இடியின் நேர்முனை ஒரு மின்தடை வழியாக 9 வோல்ட்டுக்குச் செல்லும். நடுவரிசையின் மேல் பின் வெறுமையாக இருக்கும். சில அமைப்புகளில் அணைத்த நிலையில் சுற்றின் உள்ளீட்டைத் தரையோடு சேர்க்கும்படி இணைப்பை மாற்றுவர். அதிகப் பெருக்கமுள்ள பெடல்களில் அணைத்த பின்னும் மெல்லிய கீச்சொலி கசிவதை இது தடுக்கும்.

இந்த இணைப்பில் ஒழுங்கு ஏன் வேண்டும் என்பதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. முதலாவது, ஒலி. ஃபஸ் போன்ற பெடலில் வெளியீடு உள்ளீட்டைவிடப் பலமடங்கு வலிமையானது. இரண்டு வயர்களும் ஒன்றையொன்று உரசிச் சென்றால் வெளியீட்டின் ஒரு பகுதி மீண்டும் உள்ளீட்டில் புகுந்து, ஒலிபெருக்கி முன் மைக் வைத்ததுபோல் கீச்சிடும். எனவே உள்ளீட்டு வயரைப் பெட்டியின் ஒரு சுவரை ஒட்டியும், வெளியீட்டு வயரை எதிர்ச் சுவரை ஒட்டியும் கொண்டுசெல்வர்.

இரண்டாவது, வெப்பம். பின்கள் சுவிட்சின் பிளாஸ்டிக் அடித்தட்டில் பதிந்துள்ளன. சால்டரிங் முனையை நீண்ட நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாயும். உள்ளே தொடுமுனை விலகும். சில நேரங்களில் உள்ளிருக்கும் கிரீஸ் உருகித் தொடுமுனைகளில் படரும். வயரின் முனைக்கு முன்னதாகவே ஈயம் பூசிக்கொண்டு, இரண்டு மூன்று வினாடிகளில் வேலையை முடித்து, அடுத்தடுத்த பின்களைத் தொடாமல் விட்டு விட்டுச் செய்வது இதற்காகத்தான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் 183 பாகை செல்சியஸுக்கு மேல் உருகும் என்பதால் அதற்கு நீண்ட நேரம் தேவையில்லை.

மூன்றாவது, அதிர்வு. கால் சுவிட்ச் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பலமுறை மிதிபடும். இழுத்துப் பிடித்த வயர் ஒவ்வொரு மிதிக்கும் சிறிது அசைந்து, சால்டர் விளிம்பில் முறியும். அதிக நீளமான வயரோ மூடியில் நசுங்கும். சுற்றுப்பலகையைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்கு மட்டும் தளர்வு விடுவதே அளவு.

நான்காவது, நிறம். 9 வோல்ட்டுக்குச் சிவப்பு, தரைக்குக் கறுப்பு, உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் வெவ்வேறு நிறம் என்பது பெடல் கட்டுவோரின் வழக்கம். இந்திய வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரலுக்கும் பச்சை எர்த்துக்கும் உரியவை. வீட்டு வயரிங் பழகிய கைக்கு இது முதலில் குழப்பம் தரலாம். எந்த நிறம் என்பதைவிட, முழுப் பெட்டியிலும் ஒரே விதியைப் பின்பற்றுவதே முக்கியம்.

தொலைபேசிப் பிளக்கின் வளையம் இங்கே ஒரு புது வேலை செய்கிறது. உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோ வகையாக இருக்கும். மின்கலத்தின் எதிர்முனை அதன் வளையப் பின்னில் இணைக்கப்படும். கிட்டாரின் மோனோ பிளக்கைச் செருகும்போது வளையமும் உறையும் ஒன்றாகி மின்சாரம் பாயத் தொடங்கும். பிளக்கைக் கழற்றினால் மின்கலம் துண்டிக்கப்படும். தனி சுவிட்ச் இல்லாமலேயே மின்கலம் வீணாவது தவிர்க்கப்படுகிறது.

கடற்காற்றும் பழுதும்

அணைத்த நிலையில் பெடல் எதுவும் செய்வதில்லை என்றாலும், ஒலி அப்போதும் சுவிட்சின் தொடுமுனைகள் வழியாகத்தான் செல்கிறது. ஆகவே சுவிட்ச் பழுதானால் அந்தப் பெடல் மட்டும் நிற்பதில்லை. அணைத்திருந்தாலும் முழு ஒலியும் நின்றுவிடும். மேடையில் திடீரென கிட்டார் ஊமையாகும்போது முதலில் ஐயப்பட வேண்டியவற்றுள் கால் சுவிட்சும் ஒன்று.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ள கடலோரப் பகுதியில் இந்த ஆபத்து கூடுதல். உப்பும் ஈரமும் கலந்த காற்றில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். கந்தகச் சேர்மங்கள் வெள்ளி முலாம் பூசிய தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரில் அனல்மின் நிலையமும், திருவொற்றியூரில் பல தொழிற்சாலைகளும் அமைந்த இந்தப் பகுதியின் காற்று மின்னணுப் பொருள்களுக்கு எளிதானதன்று. சால்டரிங்கின்போது படியும் ஃபிளக்ஸை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துவிடுவது, வார்ப்பு அலுமினியப் பெட்டியின் மூடியை இடைவெளியின்றி இறுக்குவது, பயன்படுத்தாத நாள்களிலும் சுவிட்சைச் சில முறை அழுத்தித் தொடுமுனைகளை உரசவிடுவது ஆகியவை பெடலின் ஆயுளைக் கூட்டும்.

எப்படிப் பாதுகாத்தாலும் ஒருநாள் சுவிட்ச் தேயும். ஒரு பெடலில் அடிக்கடி மாற்ற நேரும் பாகங்களுள் அதுவும் ஒன்று. வயர்கள் ஒழுங்காக இருந்தால், பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது சிறிது நேர வேலை. பின்னிக் கிடந்தால், பழுது பார்ப்பவர் ஒவ்வொரு வயரையும் தேடிப் பிடித்து, சுற்றின் வரைபடத்தையே மீண்டும் வரைய வேண்டியிருக்கும்.

அண்மைக்காலம்

2010களில் சுவிட்சின் ஒன்பது பின்களும் நேராகப் பொருந்தும் சிறு துணைப் பலகைகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன. இணைப்புக் கம்பிகள் அந்தப் பலகையிலேயே அச்சாகியிருப்பதால் கையால் செய்யும் பிழை குறைகிறது. மற்றொரு வழி, தொடு சுவிட்சும் ரிலேயும் சேர்ந்த அமைப்பு. கால் மிதிப்பது ஒலிப்பாதையைத் தொடாது. ரிலேயே அதை மாற்றும். 1977இல் வந்த தொடு சுவிட்சின் நீடித்த உழைப்பும், 1966இன் முழுத் துண்டிப்பும் இதில் ஒன்றுசேர்கின்றன.

இந்தியாவிலும் கையால் பெடல் கட்டி விற்கும் நிறுவனங்கள் தோன்றின. மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் அவற்றுள் அறியப்பட்ட ஒன்று. சென்னையில் 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, வடசென்னையோடு பிணைந்த கானாவையும் ராப், ராக் இசையையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. சட்டியும் டோலக்கும் ஒலித்த இசையில் மின்கிட்டாரும் இடம்பெறத் தொடங்கியதால், அதன் காலடியில் உள்ள பெட்டியை அறிந்து, கட்டி, பழுது பார்க்கும் திறனுக்கும் இந்நகரில் புதிய தேவை உண்டாகிறது.

பெடலின் சுற்றை ஒருவர் எங்கிருந்தும் பார்த்துக் கட்டலாம். வரைபடங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அந்தப் பெட்டி ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மிதித்தவுடன் இயங்குமா, அணைத்தவுடன் கிட்டாரின் சொந்தக் குரலைத் திருப்பித் தருமா, வேறொருவர் திறந்தாலும் அவருக்குப் புரியுமா என்பவை ஒன்பது பின்களையும் அவற்றில் சேரும் வயர்களையும் பொறுத்தவை. எர்ரபாலு செட்டித் தெருவின் தொலைபேசிக் காலத்தில் வயர்க் கற்றைகளை நூலால் கட்டியவர்கள் பின்பற்றியதும் இதே நெறியைத்தான்.